கோலாரு இருமல்

1/
இது கொஞ்சம் நீளமான இழை. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க. நடுவில் தங்கம் வரும், சினிமா வரும், வேல்ஸ் நாடு வரும். ஆனால் அடிப்படையில் இது என் கிளினிக்கில் நான் பண்ண ஒரு தப்பைப் பற்றியது. அதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொன்னால் ஊருக்கு உபதேசம் ஆகிடும்.

2/
சந்தவாசல் எங்கே இருக்குன்னு பலருக்குத் தெரியாது. ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு வந்தவங்களுக்குத் தெரியும். வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகிற ரோட்டில் கண்ணமங்கலம் தாண்டினால் எங்க ஊர். மேற்கே பார்த்தால் ஜவ்வாது மலை. நெல்லு, கரும்பு, வாழை. மழை பொய்த்தால் பெங்களூரு. இந்தக் கடைசி வார்த்தையை ஞாபகம் வெச்சுக்கோங்க.

3/
சில வருஷம் முன்னாடி ஒரு பையன் வந்தான். வயசு 33. மலையடிவாரத்தில் ஒரு ஊர். கூட அவனோட ஆயா. (எங்க பக்கம் ஆயான்னா பாட்டி.) ரெண்டு மாசமா இருமல், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குது, எடை 8 கிலோ குறைஞ்சிருக்கு. எக்ஸ்ரே எடுத்தோம். ரெண்டு நுரையீரலிலும் மேல்பக்கம் பொடிப்பொடியா நிழல்.

இந்தியாவில் இந்தப் படத்தைப் பார்க்கிற எந்த டாக்டருக்கும் முதலில் என்ன தோணுமோ, அதுதான் எனக்கும் தோணிச்சு. டிபி.

4/
சளியில் கிருமி தெரியல. தெரியலன்னாலும் டிபியா இருக்கலாம், அது உண்மைதான். மருந்து ஆரம்பிச்சாச்சு. முதல் ரெண்டு மாசம் "பரவால்ல சார்" என்றான். நாலாவது மாசம் வந்தபோது எடை ஏறல, மூச்சு முன்னைவிட அதிகமா வாங்குது, எக்ஸ்ரே இன்னும் கொஞ்சம் மோசம்.

"மாத்திரை ஒழுங்கா போடறியாப்பா?" கொஞ்சம் அதட்டலாத்தான் கேட்டேன்.

"ஒரு வேள கூட உடல சார்."

5/
அப்போதான் ஆயா வாயைத் திறந்தாங்க.

"தப்பா நெனச்சிக்காதீங்க சார். இது எங்க ஊட்டுக்காரருக்கு வந்த இருமலாட்டமே கீது. கோலாரு இருமல்."

"கோலார்ல என்ன வேலை பார்த்தாரு?"

"மைன்ஸ்ல. கீழ எறங்கற வேல."

நான் பையன் பக்கம் திரும்பினேன். நாலு மாசத்தில் முதல் தடவையா கேட்கிறேன்: "நீ என்ன வேலைப்பா பார்க்கற?"

"பெங்களூர்ல சார். கிச்சன் மேடைக்குக் கல்லு அறுக்கறது. மொதல்ல கிரானைட்டு, இப்ப அந்த குவார்ட்ஸ் கல்லு. 11 வருசமா."

6/
வேலூர் அனுப்பினேன். சிடி ஸ்கேன் எடுத்து உறுதியா சொல்லிட்டாங்க. சிலிகோசிஸ். நாலு மாசமா அவன் விழுங்கின டிபி மாத்திரை அவனுக்குத் தேவையே படல.

மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டிலேயே சொல்லித் தருவாங்க: பெயர், வயது, பாலினம், தொழில். நாலாவதை நான் கேட்கல. ஓபியில் அறுபது பேர் உட்கார்ந்திருந்தாங்க என்பது காரணம்தான், சமாதானம் இல்ல.

7/
சிலிகோசிஸ் என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். கல்லை அறுக்கும்போதும் உடைக்கும்போதும் சிலிக்கா தூள் பறக்கும். கண்ணுக்குத் தெரிகிற தூசு மூக்கிலேயே நின்னுடும். 5 மைக்ரானுக்குக் கீழே இருக்கிறதுதான் ஆபத்து. அது நுரையீரலோட கடைசி காற்றுப்பை வரைக்கும் போகும். அங்கே இருக்கிற காவல் செல்கள் அதைக் கிருமின்னு நினைச்சு விழுங்கும். கல்லைச் செரிக்க முடியுமா? செல் சாகும், தூள் வெளியே வரும், அடுத்த செல் விழுங்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு தழும்பு. வருஷக்கணக்கில் நுரையீரல் கெட்டியாகிடும்.

8/
இதில் மூணு விஷயம் முக்கியம்.

ஒண்ணு, வேலையை விட்ட பிறகும் நோய் வளரலாம்.

ரெண்டு, இந்த நுரையீரலில் டிபி ரொம்ப சுலபமா குடியேறும். அதனால்தான் ரெண்டையும் குழப்பிக்கிறோம். சிலருக்கு ரெண்டுமே சேர்ந்து இருக்கும்.

மூணு, குணப்படுத்த மருந்து இல்ல. வராமல் தடுக்கிறதுதான் ஒரே வழி. தடுக்கணும்னா, யாருக்கு வருதுன்னு முதலில் தெரியணும்.

9/
ஆயா சொன்ன "கோலாரு இருமல்" எனக்குப் புதுசு இல்ல. அதுதான் ரொம்ப உறுத்திச்சு. எங்க வீட்டிலேயே அந்த வார்த்தை இருந்தது. என் அப்பாவோட அப்பா தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே போயிட்டார். "தாத்தா எப்படிச் செத்தாரு?"ன்னு கேட்டால் எங்க ஆயா சொல்கிற பதில் அந்த ரெண்டு வார்த்தைதான். சின்ன வயசில் அது ஏதோ கர்நாடகாவில் வருகிற காய்ச்சல் போலன்னு நினைச்சிருக்கேன்.

10/
சரி, கோலாருக்கும் எங்க ஊருக்கும் என்ன சம்பந்தம்? 'கேஜிஎஃப்' படம் பார்த்தவங்களுக்கு அந்தப் பெயர் தெரியும், ஊர் தெரியாது. பா. ரஞ்சித்தோட 'தங்கலான்' (2024) பார்த்தவங்களுக்கு ஒரு குறிப்பு கிடைச்சிருக்கும். அந்தக் கதை வட ஆற்காட்டில்தான் ஆரம்பிக்கும். அதில் மந்திரம், கற்பனை நிறைய இருக்கலாம். ஆனால் வட ஆற்காட்டு ஜனங்கள் தங்கம் தோண்டப் போனது கற்பனை இல்ல.

11/
1802-இல் ஜான் வாரன் என்ற வெள்ளைக்கார அதிகாரி நில அளவைக்கு வந்தபோது, அங்கிருந்த கிராமத்து ஜனங்கள் மண்ணைக் கழுவித் தங்கத்தூள் எடுத்துக் காட்டினாங்க. 1870-களில் லாவெல் என்ற ஓய்வுபெற்ற படைவீரர் உரிமம் வாங்கித் தோண்டிப் பார்த்தார். 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் கம்பெனி உள்ளே வந்த பிறகுதான் அது பெரிய சுரங்கமாச்சு. மேற்பார்வைக்கு இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து சுரங்கக்காரங்க வந்தாங்க. கீழே இறங்கித் தோண்ட வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்து ஆட்கள். பெரும்பாலும் தலித் மக்கள்.

12/
ஏன் போனாங்க? பஞ்சம் ஒரு காரணம். இன்னொண்ணு, இங்கே பண்ணையில் நாள் பூரா குனிஞ்சால் கிடைச்சது படி நெல்லு. அங்கே கையில் காசு. பண்ணையார் வீட்டு வாசலில் செருப்பைக் கழட்ட வேண்டாம். தங்கவயலில் பிள்ளைங்க பள்ளிக்கூடம் போச்சு. அயோத்திதாசரோட பௌத்த இயக்கத்துக்கு அங்கே கிளை இருந்தது. அவர் எழுத்துக்களை அவருக்குப் பிறகு புத்தகமா அச்சுப் போட்டுக் காப்பாத்தினது தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலைதான். 1930-இல் தொழிலாளிங்களைக் கைரேகை வெச்சுப் பதிவு பண்ணணும்னு சொன்னபோது, "நாங்க என்ன குற்றவாளியா?"ன்னு ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்தினாங்க.

என் அப்பா படிச்சது அங்கேதான். வாத்தியாரானார். அதனால் நான் டாக்டரானேன். என் ஸ்டெதஸ்கோப்புக்கு முதல் காசு எங்கிருந்து வந்ததுன்னு யோசிச்சால் அந்தச் சுரங்கத்துக்குள்ளதான் போய் நிற்கும்.

13/
அந்த ஊர் பெருமை கொஞ்சம் சொல்லணும். 1902-இல் காவிரியில் சிவசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் கட்டினாங்க. எதுக்கு? தங்கவயலுக்குக் கரண்ட் கொடுக்க. கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர் கம்பி இழுத்தாங்க. பெங்களூருக்கே 1905-இல்தான் மின்விளக்கு வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம், உலகத்தோட மிக ஆழமான சுரங்கங்களில் ஒண்ணா இருந்தது. அடியில் பாறையோட சூடு 60 டிகிரியைத் தாண்டும். 1965-இல் அந்தச் சுரங்கத்துக்குள்ளதான் நம்ம விஞ்ஞானிகள் நியூட்ரினோவைப் பிடிச்சாங்க. வெள்ளைக்காரங்க பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம்னு இருந்ததால் "லிட்டில் இங்கிலாந்து"ன்னு பெயர். தொழிலாளிங்களுக்கு வரிசை வரிசையா லைன் வீடு.

14/
தங்கம் எங்கே இருந்தது தெரியுமா? வெள்ளைக்கல்லில். அதாவது குவார்ட்ஸ். அதாவது சிலிக்கா. ஆரம்பத்தில் ஒரு டன் பாறையை உடைச்சால் 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைச்சதாம். கடைசி காலத்தில் சில கிராம்தான். மீதி மொத்தமும் தூள். அந்தத் தூளில் ஒரு பங்கு மேட்டில், ஒரு பங்கு தொழிலாளி நெஞ்சில்.

1940-46 வாக்கில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகளைப் பரிசோதனை பண்ணினபோது பத்தில் நாலு பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருந்தது. 120 வருஷத்தில் அங்கே எடுத்த தங்கம் 800 டன்.

15/
1956-இல் மைசூர் அரசாங்கம் சுரங்கங்களை எடுத்துக்கிச்சு. 1962-இல் மத்திய அரசு. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடிட்டாங்க. தோண்டுகிற செலவு தங்கத்தோட விலையைவிட அதிகம் என்பதுதான் கணக்கு. அப்போ 10 கிராம் தங்கம் 5,000 ரூபாய்க்கும் கீழே. இன்னைக்கு லட்சத்தைத் தாண்டிடுச்சு.

16/
அந்தப் பையனுக்கு ரிப்போர்ட் வந்த அடுத்த மாசம் நான் தங்கவயல் போனேன். ஏன்னு கேட்டால் சரியா சொல்லத் தெரியல. காட்பாடியில் ரயில் ஏறி பங்காருப்பேட்டையில் இறங்கினால், அங்கிருந்து மாரிகுப்பத்துக்குத் தனி ரயில்பாதை. சுரங்கத்துக்காகவே 1894-இல் போட்டது. சாம்பியன் ரீஃபில் சித்தப்பா முறை ஒருத்தர் இன்னும் லைன் வீட்டில் இருக்கார். ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, தகரக் கூரை. கர்நாடகாதான், ஆனால் தெருவில் கேட்கிறது நம்ம வட ஆற்காட்டுத் தமிழ். "நைனா வந்துட்டியா, குந்து." எங்க ஊரிலேயே இப்போ இவ்வளவு கேட்கிறதில்ல.

17/
ஊரில் எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிறது சயனைடு மேடு. தங்கத்தைப் பிரிச்சு எடுத்த பிறகு கொட்டின தூள். 3 கோடி டன்னுக்கு மேல். சாம்பலும் வெள்ளையும் கலந்த நிறம், மழையில் அரிச்சு அரிச்சு நிஜ மலை மாதிரியே மடிப்பு விழுந்திருக்கு. பசங்க அடிவாரத்தில் கிரிக்கெட் ஆடறாங்க. பங்குனி, சித்திரையில் காத்தடிச்சால் வீட்டுக்குள்ளே சோத்தில் தூசு விழும்னு சித்தி சொன்னாங்க. ஜன்னல் இடுக்கில் துணியைச் சொருகி வெச்சிருந்தாங்க. அது ஏதோ கதவை மூடுகிற மாதிரி சாதாரணமான காரியம் அவங்களுக்கு.

18/
விடிகாலை எழுந்தால் தெருவே நடமாட்டமா இருக்கு. ரயிலுக்கு ஓடறாங்க. பெங்களூரு 100 கிலோமீட்டர் தூரம். தினமும் ஆயிரக்கணக்கான பேர் இங்கிருந்து போய் ராத்திரி திரும்பி வராங்க. கட்டட வேலை, செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், ஐடி கம்பெனி, ஆஸ்பத்திரி நர்ஸ்னு எல்லாரும் ஒரே ரயிலில். சித்தப்பா மகனும் போறான். "சனிக்கிழம ராத்திரி வந்து ஞாயித்துக்கிழம தூங்கினா அதான்ணா எனக்கு ஊரு" என்றான். 2011 கணக்கெடுப்பில் அங்கே 1.6 லட்சம் பேர். சுரங்கம் மூடின ஊர் காலியாகும்னு நினைப்போம். இங்கே ஜனம் அப்படியேதான் இருக்கு. பகலில் மட்டும் ஊர் பெங்களூரில் இருக்கு.

19/
சித்தப்பா 70-ஐத் தாண்டினவர். சுரங்கத்தில் 24 வருஷம். பேசும்போது நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு விடறார்.

"கீழ போறப்ப பயம் இருக்காதுப்பா. கேஜுல மேல வந்து நின்னு, யாரு வரலன்னு ஒருத்தர ஒருத்தர் பாப்போம் பாரு, அப்பதான் பயம்."

பாறை திடீர்னு வெடிச்சுச் சரிகிறதைப் பற்றிச் சொன்னார். மேலே தெருவில் பாத்திரம் குலுங்குமாம். குலுங்கினால் பொம்பளைங்க எல்லாம் சுரங்க வாசலுக்கு ஓடுவாங்களாம்.

"இருமல்?"

"அது எல்லாருக்கும் இருந்துச்சு. அது ஒரு நோவுன்னா சொல்வாங்க?"

20/
கிளம்பும்போது ஒரு டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பழுப்புக் காகிதம் எடுத்துக் கொடுத்தார். என் தாத்தாவோடது. டோக்கன் நம்பர், வேலைக்குச் சேர்ந்த தேதி, வேலை செஞ்ச இடம், விட்ட தேதி. 1958. விட்ட காரணம் என்ற இடத்தில் ஒரே ஒரு வார்த்தை டைப் அடிச்சிருந்தது. சிலிகோசிஸ்.

அந்த ரயில் பயணம் முழுக்க அந்தக் காகிதத்தையே பார்த்துக்கிட்டு வந்தேன். எங்க வீட்டில் இருமலுக்கு ஊர்ப்பெயர் வெச்சிருந்தோம். நோயோட பெயர் பெட்டிக்குள்ள இருந்திருக்கு. நான் எம்பிபிஎஸ் முடிச்சு இத்தனை வருஷம் கழிச்சுப் பார்க்கறேன்.

21/
இந்தக் கதையை வேல்ஸில் டாக்டரா இருக்கிற என் காலேஜ் சீனியர்கிட்ட போனில் சொன்னேன். தெற்கு வேல்ஸில் வரிசையா பள்ளத்தாக்குகள், ஒவ்வொண்ணிலும் நிலக்கரிச் சுரங்கம். அங்கேயும் வரிசை வீடு, சங்கு ஊதினால் வேலை, இருமல். நம்ம நாட்டு டாக்டர்கள் நிறைய பேர் அந்த ஊர்களில் வேலை பார்த்திருக்காங்க. ரோண்டா பள்ளத்தாக்கில் கடைசிச் சுரங்கம் 1990-இல் மூடிட்டாங்க. அவர் உடனே ஒரு படம் அனுப்பினார். பிளைனாவன் என்ற ஊர், 'பிக் பிட்' சுரங்கம். 1980-இல் மூடி, 1983-இல் அருங்காட்சியகமா திறந்தாங்க. தலையில் விளக்கு மாட்டி 90 மீட்டர் கீழே கூட்டிட்டுப் போய்க் காட்டறாங்க. கூட்டிட்டுப் போகிறவங்க பழைய சுரங்கத் தொழிலாளிகள். 2000-இல் அந்த ஊரை யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னமா அறிவிச்சது. அடுத்த வருஷம்தான் தங்கவயலுக்குப் பூட்டு.

22/
எனக்குப் பொறாமை வந்தது மியூசியத்தைப் பார்த்து இல்ல. அவங்க இருமலை எண்ணி வெச்சிருக்கிறதைப் பார்த்து. 1945-இல் கார்டிஃப் பக்கத்தில் நிலக்கரித் தூசு நோய்க்கென்றே ஆராய்ச்சிப் பிரிவு ஆரம்பிச்சாங்க. ஆர்ச்சி காக்ரேன் என்ற டாக்டர் 1950-களில் ரோண்டாவில் ஒரு பள்ளத்தாக்கு முழுக்க, வீடு வீடா ஆளைக் கூப்பிட்டு எக்ஸ்ரே எடுத்தார். இன்னைக்கு உலகம் முழுக்க டாக்டர்கள் ஒரு மருந்து வேலை செய்யுதான்னு பார்க்கத் தேடுகிற 'காக்ரேன்' ஆய்வுத் தொகுப்பு அவர் பெயரில்தான் இருக்கு.

கிளின்கோரூக் என்ற சுரங்கக் கிராமத்தில் ஜூலியன் டியூடர் ஹார்ட்னு ஒரு டாக்டர். என்னை மாதிரி சின்ன ஊர் டாக்டர். 1971-இல் லான்செட் இதழில் ஒரு விதி எழுதினார். யாருக்கு மருத்துவம் அதிகமா தேவையோ அவங்களுக்குத்தான் அது குறைவா கிடைக்குது என்பது அதோட சாரம். சந்தவாசலில் உட்கார்ந்து படிச்சால் நேத்து எழுதின மாதிரி இருக்கு.

23/
அங்கே எல்லாம் சொர்க்கம்னு சொல்லல. அந்தப் பள்ளத்தாக்குகள் இன்னைக்கும் பிரிட்டனில் ஏழை ஊர்கள்தான். ஆனால் 1998-இல் கோர்ட் தீர்ப்பு வந்து, நெஞ்சு நோய் வந்த சுரங்கத் தொழிலாளிகளுக்கு இழப்பீடு கொடுக்க ஆரம்பிச்சப்போ 5 லட்சத்துக்கும் மேல் விண்ணப்பம் வந்தது. எப்படி முடிஞ்சது? ஆள் பெயர் இருந்தது, சுரங்கத்தோட பெயர் இருந்தது, வேலை செஞ்ச வருஷம் இருந்தது.

என் தாத்தாவுக்கும் அது இருந்தது. டோக்கன் நம்பரோட.

24/
இப்போ அந்தப் பையன்கிட்ட வருவோம். "எந்தக் கம்பெனிப்பா?"

"கம்பெனிலாம் இல்ல சார். மேஸ்திரி ஃபோன் பண்ணுவாரு, போவோம்."

"எத்தன எடத்துல வேல செஞ்சிருப்ப?"

சிரிச்சான். "பெங்களூர்ல பாதி அபார்ட்மெண்ட்டு நம்ம கல்லுதான் சார்."

சிலிகோசிஸ் வந்தால் அரசுக்குத் தெரியப்படுத்தணும், வேலை கொடுத்தவர் இழப்பீடு கொடுக்கணும். சட்டம் இருக்கு. ஆனால் அவன்கிட்ட இருந்தது மேஸ்திரியோட போன் நம்பர் ஒண்ணுதான். அதுவும் ஸ்விட்ச் ஆஃப்.

25/
இந்த இழையில் நான் சொல்ல வந்தது இதுதான். தங்கவயல் மூடினதால் கோலாரு இருமல் முடிஞ்சு போகல. அது அங்கிருந்து கிளம்பி ஒவ்வொரு கட்டட வேலை நடக்கிற இடத்துக்கும், கிரஷருக்கும், கல் பட்டறைக்கும் போய்ச் சேர்ந்திடுச்சு. முன்னே ஒரே ஊரில், ஒரே கம்பெனியில், ஒரே ஆஸ்பத்திரியில் இருந்ததால் யாரோ எண்ணினாங்க. இப்போ சிதறிப் போச்சு. எண்ண ஆள் இல்ல. அதே வட ஆற்காட்டிலிருந்து அதே வீட்டுப் பேரன் அதே ரயிலில் அதே கல்லை அறுக்கத்தான் போறான். தாத்தாவுக்கு இருந்த டோக்கன்கூட பேரனுக்கு இல்ல.

26/
நம்ம வீட்டுக் கிச்சனும் இதில் இருக்கு. கிரானைட்டில் மூணில் ஒரு பங்கு அளவுக்கு சிலிக்கா இருக்கலாம். பளபளன்னு வருகிற குவார்ட்ஸ் ஸ்லாபில் 90 சதவீதம் வரைக்கும் இருக்கும். இளவயசு தொழிலாளிங்களுக்கு வேகமா சிலிகோசிஸ் வருதுன்னு பார்த்து, ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்த ஸ்லாபைத் தடையே பண்ணிடுச்சு. நம்ம நாட்டில் ராஜஸ்தான் 2019-இல் தூசு நோய்க்குத் தனிக் கொள்கை கொண்டு வந்து, சான்றிதழ் கிடைச்சவங்களுக்கு நிவாரணமும் பென்ஷனும் கொடுக்குது. வழி இல்லாமல் இல்ல.

27/
யாருக்காவது உதவும் என்பதால்:

• கல், டைல்ஸ், கிரானைட், கிரஷர் வேலை செய்றவங்க டாக்டர்கிட்ட போனால், கேட்காவிட்டாலும் வேலையைச் சொல்லுங்க. எத்தனை வருஷம்னும் சொல்லுங்க.
• உலர்வா அறுக்காதீங்க. தண்ணி விட்டு அறுத்தால் தூசு பெருமளவு அடங்கும்.
• முகத்தில் துண்டு கட்டினால் சிலிக்காவுக்குக் காவல் இல்ல. முகத்தோட ஒட்டி உட்காருகிற என்95 மாஸ்க் வேணும்.
• வேலை செஞ்ச துணியோட வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்காதீங்க.
• வருஷம் ஒரு தடவை எக்ஸ்ரே, மூச்சுத்திறன் பரிசோதனை. பீடி, சிகரெட் கண்டிப்பா வேண்டாம்.
• கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு பண்ணுங்க. எங்கே, யார்கிட்ட, எந்த வருஷம் வேலை செஞ்சீங்கன்னு ஒரு நோட்டில் எழுதி வெச்சுக்கோங்க.
• வீட்டுக்கு ஸ்லாப் போடறவங்க, "தண்ணி விட்டு அறுப்பா, வீடு நனைஞ்சா பரவால்ல"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நாம திட்டுவோம்னு பயந்துதான் பல பேர் உலர்வா அறுக்கறாங்க.

28/
டாக்டர் நண்பர்களுக்கு: மேல்பக்க நிழல், சளியில் கிருமி இல்ல, மருந்துக்குக் கேட்கல. மாத்திரை போடலன்னு ஆளை அதட்டறதுக்கு முன்னாடி தொழிலைக் கேளுங்க. பழைய தொழிலையும் கேளுங்க. நான் கேட்கல. ஒரு ஆயா கேட்க வெச்சாங்க.

29/
அந்தப் பையன் இப்போ கல்லு வேலைக்குப் போறதில்ல. ஊரிலேயே ஒரு சின்னப் பெட்டிக்கடை. குணமாகல, ஆனால் போன வருஷத்து மூச்சு அளவும் இந்த வருஷத்து அளவும் கிட்டத்தட்ட ஒண்ணு. எங்க கணக்கில் அது நல்ல செய்தி. அவன் தம்பி இன்னும் அதே வேலையில்தான் இருக்கான். "மாஸ்க்கு போட்டா மூச்சு முட்டுது, மேஸ்திரி சத்தம் போடறாரு" என்பான். விடச் சொன்னால், "வுட்டுட்டு இன்னா பண்றது சார்?" அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

ஆனால் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது அண்ணன்காரன் தம்பியையும், கூட வேலை செய்கிற பசங்களையும் பிடிச்சு இழுத்துக்கிட்டு எக்ஸ்ரே எடுக்க வந்துடறான். யார், எந்த ஊர், எத்தனை வருஷமா அறுக்கறான்னு ஒரு 40 பக்க நோட்டில் அவனே எழுதி வெச்சிருக்கான்.

30/
என் ஓபி சீட்டை மறுபடி அச்சடிச்சேன். பெயர், வயது, ஊர். அதுக்குக் கீழே இப்போ இன்னொரு கோடு இருக்கு: தொழில் (முன்பும், இப்போதும்).

உங்க வீட்டிலும் தங்கவயல் போன தாத்தாவோ, கோலாரு இருமலோ இருந்தால் கீழே எழுதுங்க. பழைய டோக்கன், சம்பளச் சீட்டு, எக்ஸ்ரே ஏதாவது டிரங்குப் பெட்டியில் இருந்தால் தூக்கிப் போட்டுடாதீங்க.